வேலூர்க் கோட்டையா, சந்திரகிரியா, பெங்களூரு திப்பு அரண்மனையா? ஒரு நாளில் எதைப் பார்க்கலாம்?

வேலூருக்கு வரும் சொந்தக்காரர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். ஆஸ்பத்திரி வேலையாக வந்திருப்பார்கள், இல்லையென்றால் ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு வந்திருப்பார்கள். கையில் ஒரு நாள் மிச்சம் இருக்கும். "ராஜா அரண்மனை மாதிரி ஏதாச்சும் இருந்தா புள்ளைங்களுக்குக் காட்டலாமே" என்பார்கள். போன கோடை விடுமுறையில் அக்காவும் அவள் பையனும் வந்தபோதும் இதே பேச்சுதான். பையன் ஆறாம் வகுப்பு முடித்திருந்தான். பாடப் புத்தகத்தில் விஜயநகரமும் திப்புவும் வந்திருக்கிறார்கள். அவனுக்கு ராஜா உட்கார்ந்த இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

மச்சான் மைசூர் என்றார். மைசூர் அரண்மனையைக் குறை சொல்ல யாராலும் முடியாது. 1897-ல் பழைய மர அரண்மனை எரிந்துபோய், 1912-ல் கட்டி முடித்த மாளிகை அது. அவ்வளவு நன்றாக வைத்திருக்கிறார்கள். ஆனால் வேலூரிலிருந்து 350 கிலோமீட்டர். அதற்குத் தனியாக மூன்று நாள் ஒதுக்க வேண்டும். ஆற்காடு பக்கத்தில் இருக்கிறதே, நவாப் அரண்மனை இல்லையா என்று அக்கா கேட்டாள். ஒரு காலத்தில் தலைநகரம்தான். இன்று சொல்லிக்கொள்ளும்படி நிற்பது டெல்லி கேட் ஒன்றுதான். மக்கன் பேடா வாங்கப் போகும்போது அதையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம்.

மிச்சம் மூன்று. ஊரிலேயே இருக்கும் வேலூர்க் கோட்டை. சித்தூர் தாண்டி, திருப்பதி போகும் வழியில் இருக்கும் சந்திரகிரி ராஜ மஹால். பெங்களூரில் மார்க்கெட் பக்கத்தில் இருக்கும் திப்புவின் கோடைக்கால அரண்மனை. மூன்றையும் ஒரு வருஷத்துக்குள் அவனோடு சுற்றிப் பார்த்துவிட்டேன். இந்த மூன்றும் தனித்தனிக் கதை இல்லை. சந்திரகிரியில் இருந்த ராயர்கள், அதாவது விஜயநகர அரசர்கள், வேலூருக்கு வந்தார்கள். திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு அவர் குடும்பமும் வேலூருக்குத்தான் வந்தது. வேலூர்க்காரர்கள் மற்ற இரண்டு அரண்மனைகளையும் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

சந்திரகிரி: கட்டடமே பேசும் இடம்

நாம் எல்லாரும் திருப்பதிக்கு எத்தனை தடவை போயிருப்போம்! அந்த வழியில் சந்திரகிரி என்ற பெயர்ப்பலகையைப் பார்த்திருப்போம், இறங்கியிருக்க மாட்டோம். வேலூரிலிருந்து ஏறத்தாழ 95 கிலோமீட்டர். காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதி போகும் ரயில் பாதையில் சந்திரகிரி ஸ்டேஷனே இருக்கிறது. பஸ்ஸில் போனால் ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஊருக்குள் போகாமல் பைபாஸில் நேராகத் திருப்பதிக்குப் போகிற வண்டி என்றால், அங்கே இறங்கித் திரும்ப வர வேண்டியிருக்கும். திருப்பதியிலிருந்து அரை மணி நேரம்தான்.

பாறை மலை ஒன்று, அதன் அடியில் கோட்டை மதில், மதிலுக்குள் புல்வெளி, அதன் நடுவில் மூன்று மாடி ராஜ மஹால். முதலில் தெரிவது வளைவுகள்தான். ஒவ்வொரு மாடியிலும் வரிசையாகத் திறந்த வளைவுகள், அதற்கு மேலே கோயில் விமானம் போலக் கூர்மையான கோபுரங்கள். வளைவுகள் சுல்தான்கள் பக்கத்துப் பாணி, கோபுரம் நம் பக்கத்துப் பாணி. தலைக்கோட்டையில் 1565-ல் சுல்தான்களிடம் தோற்ற அதே விஜயநகரம், அவர்கள் கட்டடக் கலையை வெறுத்து ஒதுக்கவில்லை. எதிரி கட்டுவது அழகாக இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு, மேலே தன் கோபுரத்தை வைத்திருக்கிறது. எனக்கு இந்த மனசு மிகவும் பிடித்தது.

உள்ளே போனதும் பையனிடம் ஒரு வேலை கொடுத்தேன். "இந்தக் கட்டடத்துல எங்கயாச்சும் ஒரு மர உத்தரம் இருக்கான்னு கண்டுபிடி." சுற்றிச் சுற்றி வந்தான். மேலே அண்ணாந்து பார்த்தான். கூடத்தின் ஓரங்களில் பார்த்தான். கடைசியில் வந்து, "இல்ல மாமா, எல்லாமே செங்கல் மாதிரி இருக்கு" என்றான். அதுதான் உண்மை. கல், செங்கல், சுண்ணாம்புக் காரை, இவ்வளவுதான். மரமே சேர்க்காமல் மூன்று தளம் எழுப்பியிருக்கிறார்கள். மேல் தளத்தின் பாரத்தை வளைவுகள் வாங்கி, தடித்த தூண்கள் வழியாகத் தரைக்கு இறக்குகின்றன. உத்தரம் போட்டிருந்தால் கரையான் அரித்திருக்கும், இல்லை ஏதாவது ஒரு படையெடுப்பில் எரிந்திருக்கும். வெளியே மே மாத வெயில். வேலூர் வெயிலுக்கு அது அண்ணன் தம்பி. உள்ளே கையைச் சுவரில் வைத்தால் சில்லென்று இருந்தது. அம்மா தூணில் சாய்ந்து உட்கார்ந்தவள், "ஏசி போட்ட மாதிரி இருக்குடா" என்று எழுந்திருக்கவே மனசில்லாமல் இருந்தாள். அந்தக் குளிர்ச்சி தடித்த சுவராலும் நாலா பக்கமும் திறந்திருக்கும் வளைவுகளாலும் வருகிறது.

இந்தக் கட்டடத்துக்குள்தான் இந்தியத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. கற்சிலைகள், செப்புத் திருமேனிகள், வாள், கத்தி போன்ற ஆயுதங்கள். குடிமல்லம், கண்டிக்கோட்டை, யாகண்டி போன்ற ராயலசீமை ஊர்களிலிருந்து வந்த சிற்பங்களும் உண்டு. கிருஷ்ணதேவராயர் தன் இரண்டு தேவியரோடு கைகூப்பி நிற்கும் சிலைகளின் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். திருமலைக் கோயிலுக்குள் ராயர் மண்டபத்தில் இதே கோலத்தில் அவர் நிற்பதைக் கூட்டத்தோடு தள்ளப்பட்டுப் போகும்போது ஒரு வினாடி பார்த்திருப்பீர்கள். இங்கே யாரும் "ஜருகண்டி" சொல்ல மாட்டார்கள். ஆற அமரப் பார்க்கலாம். உயரமான தொப்பி போன்ற அந்தத் தலைப்பாகை விஜயநகர அரசவையின் அடையாளம்.

பொருள்கள் ஏராளம் என்று சொல்ல மாட்டேன். சிம்மாசனம், பல்லக்கு, ராணியின் நகைப்பெட்டி என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். இங்கே வாழ்ந்தவர்களின் வீட்டுச் சாமான் எதுவும் மிச்சமில்லை. ஆனால் வீடு இருக்கிறது. ராஜா நின்ற கூடத்தில் நாம் நிற்கிறோம், அவர் பார்த்த மலையை அதே வளைவு வழியாகப் பார்க்கிறோம். இரண்டாம் வெங்கடபதி ராயர் இந்த ஊரில் அரசவை வைத்திருந்தபோது, 1598 வாக்கில் ஏசு சபைப் பாதிரியார்கள் அவரைப் பார்க்க வந்தார்கள். 1639-ல் சென்னை உருவான நிலத்தை ஆங்கிலக் கம்பெனிக்குக் கொடுத்தவர் சந்திரகிரி ராயர்களின் கீழ் இருந்த தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர். ஒரு வகையில் சென்னைக்கான வேர் இந்தப் பாறை மலை அடிவாரத்தில் இருக்கிறது.

பின்னால் சின்னதாக இரண்டு மாடியில் ராணி மஹால் இருக்கிறது. பெயரைக் கேட்டுவிட்டு ராணி வாழ்ந்த இடம் என்று நினைத்துக்கொள்கிறோம். தரைத்தளத்தைப் பார்த்தால் குதிரை லாயம் போல இருக்கிறது, படைத்தலைவர் தங்கிய இடமாகவும் இருந்திருக்கலாம் என்கிறார்கள். பழைய கட்டடங்களுக்குப் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர்களை அப்படியே நம்பக் கூடாது. இதை வேலூருக்கும் சேர்த்தே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முக்கியமான ஒன்று. வெள்ளிக்கிழமை போகாதீர்கள். அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. அம்மாவின் விருப்பத்துக்காக முதல் தடவை வெள்ளிக்கிழமை திருப்பதி போய்விட்டு, திரும்பும் வழியில் இங்கே இறங்கி, மூடிய கதவைப் பார்த்துவிட்டு வந்தோம். பையன் வீடு வரும்வரை பேசவில்லை. 15 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு டிக்கெட் கிடையாது, பெரியவர்களுக்கும் கட்டணம் சொற்பம்தான். சாப்பாட்டுக்கு வீட்டிலிருந்தே புளிசாதம் கட்டிக்கொண்டு போவது நல்லது.

வேலூர்: பொருள் பேசும், வீடு பூட்டியிருக்கும்

எங்கள் ஊரைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லும் ஒரு பழைய பேச்சு உண்டு. தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, மன்னன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். கடைசி ஒன்று 1981-ல் பொய்யாகிவிட்டது. சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து ஜலகண்டேஸ்வரர் கோயிலில் பிரதிஷ்டை செய்துவிட்டார்கள். மன்னன் இல்லாத கோட்டை என்பதும் முழு உண்மை இல்லை. மன்னர்கள் இருந்தார்கள், பலர் கைதிகளாக இருந்தார்கள்.

சின்ன பொம்மு நாயக்கர் காலத்துக் கோட்டை இது, 16-ஆம் நூற்றாண்டு. 133 ஏக்கர், சுற்றிலும் தண்ணீர் நிறைந்த அகழி, கருங்கல் மதில். 1600-களின் தொடக்கத்தில் அவர் மகன் லிங்கம நாயக்கரிடமிருந்து இதைப் பிடித்து, வெங்கடபதி ராயர் சந்திரகிரியிலிருந்து இங்கே தலைநகரை மாற்றினார். அதாவது சந்திரகிரியில் நாம் பார்த்த அந்தக் கூடத்தின் சொந்தக்காரர், கடைசிக் காலத்தில் வேலூர்க்காரர். அவர் 1614-ல் இறந்ததும் வாரிசுச் சண்டை. அடுத்த ராயரையும் அவர் மனைவி மக்களையும் வேறொருவனைப் பட்டத்தில் ஏற்ற நினைத்த பிரபு ஜக்கராயன் இந்தக் கோட்டைக்குள்ளேயே சிறை வைத்தான். ராயர் பக்கம் நின்ற தளபதி யாசம நாயக்கர் ஏற்பாட்டில் ஒரு வண்ணார், அந்தக் குடும்பத்தின் பையன் ஒருவனை அழுக்குத் துணி மூட்டைக்குள் வைத்து வெளியே கொண்டுவந்தார். மிச்சம் இருந்த குடும்பம் மொத்தமும் கொல்லப்பட்டது. மூட்டைக்குள் தப்பியவன்தான் பிறகு ராமதேவ ராயராகப் பட்டத்துக்கு வந்தான். பையனுக்கு இந்தக் கதையைக் கோட்டை வாசலில் நின்று சொன்னேன். உள்ளே போக இந்த ஒரு வழிதான். அப்படியென்றால் அந்த மூட்டை இந்தக் காவலைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். "மூச்சு விட்டிருப்பானா மாமா?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை.

கோட்டைக்குள் ஐந்து மஹால்கள் உண்டு. ஹைதர் மஹால், திப்பு மஹால், பேகம் மஹால், கண்டி மஹால், ராணி மஹால். பெயரை வைத்துத் திப்பு இங்கே தர்பார் நடத்தினார் என்று நினைக்க வேண்டாம். அவர் 1799 மே 4-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் போரில் இறந்தார். அதற்குப் பிறகு இங்கே கொண்டுவரப்பட்டவர்கள் அவர் பிள்ளைகளும் வீட்டுப் பெண்களும் பணியாட்களும். 1806 ஜூலை 10 அதிகாலை கும்பெனிப் படையில் இருந்த நம் ஊர்ச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது முந்தின நாள்தான் திப்புவின் மகள் ஒருத்திக்குக் கல்யாணம் நடந்திருந்தது. தலைப்பாகையை மாற்று, நெற்றிக் குறியை அழி, தாடியை எடு, கடுக்கனைக் கழற்று என்று வந்த உத்தரவுகள் அந்தக் கோபத்துக்குக் காரணம். கோட்டை சில மணி நேரம் சிப்பாய்கள் கையில் இருந்தது, மைசூர்க் கொடி ஏறியது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேயர்கள் இறந்தார்கள். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து கோட்டையைத் திரும்பப் பிடித்த பிறகு செத்த சிப்பாய்களின் எண்ணிக்கை அதைவிடப் பல மடங்கு. திப்புவின் குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இவ்வளவும் நடந்த மஹால்களை நாங்கள் போனபோது உள்ளே போய்ப் பார்க்க முடியவில்லை. நீண்ட காலம் காவலர் பயிற்சிப் பள்ளி போன்ற அரசு உபயோகத்தில் இருந்த கட்டடங்கள் அவை. வெளியே நின்று, கம்பிக் கதவு வழியாக முற்றத்தையும் தாழ்வாரத்தையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தோம். என் வருத்தம் இதில்தான். சந்திரகிரிக்காரர்கள் கட்டடத்தைத் திறந்துவிட்டு "வந்து பாரு" என்கிறார்கள். நம் ஊரில் அதைவிடப் பெரிய கதை நடந்த வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஒரே ஒரு மஹாலைச் சரிசெய்து, எந்த அறையில் யார் இருந்தார்கள் என்று ஒரு பலகை வைத்தால்கூடப் போதும். தமிழ்நாட்டிலேயே இதற்கு ஈடாக ஒரு சிறைமாளிகை கிடையாது என்று தைரியமாகச் சொல்லலாம்.

அரசு அருங்காட்சியகம் இதே கோட்டைக்குள் வேறு கட்டடத்தில் இருக்கிறது. 1985-ல் தொடங்கி, 1999-ல் கோட்டைக்குள் வந்தது. மாவட்ட அருங்காட்சியகம் என்பதால் எல்லாமே கலந்திருக்கும். பாடம் செய்த விலங்குகள், கல் வகைகள், நாணயங்கள், பல்லவர் காலத்திலிருந்து வரும் கற்சிலைகள். சின்னப் பிள்ளைகள் விலங்குகள் பக்கம் ஓடிவிடுவார்கள். நீங்கள் இரண்டு பொருள்களை விட்டுவிடாமல் பாருங்கள்.

ஒன்று, வேலூர் மாவட்டத்திலேயே கிடைத்த வெண்கல வாள். கைப்பிடி நுனியில் பூச்சியின் உணர்கொம்பு போல இரண்டாகப் பிரிந்து விரியும். கி.மு. 400 என்று காலம் சொல்கிறார்கள். கோட்டை, நாயக்கர், நவாப், கும்பெனி எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ 2,000 வருஷம் முந்தியது. ஊருக்கு எத்தனை வயது என்று கேட்பவர்களுக்கு அந்த வாளைக் காட்டலாம்.

இன்னொன்றுதான் எனக்கு முக்கியம். தந்தத்தில் செய்த சதுரங்கப் பலகை. இலங்கையில் இருக்கும் கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனுடையது. கண்ணுசாமி என்பது அவர் இயற்பெயர், நாயக்கர் வம்சம். 1815-ல் ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்தார்கள், 1816-ல் அவரை இங்கே கொண்டுவந்தார்கள். 1832 ஜனவரியில் சாகும்வரை வேலூர்தான். கிட்டத்தட்ட 16 வருஷம். வெளியே போக முடியாத ஒரு மனிதனுக்குப் பொழுது எப்படிப் போகும்? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பலகை சும்மா கிடக்கிறது. பையன் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பார்த்தான். "எதிர்ல உக்காந்து யாரு ஆடியிருப்பாங்க?" என்றான். காவலுக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரியா, கூடவே வந்த சொந்தக்காரரா, வேலைக்காரரா? ராஜா தோற்றால் எதிரில் இருந்தவர் சிரித்திருப்பாரா? அந்த ஒரு பலகையின் முன்னால் நாங்கள் நின்ற நேரம், சந்திரகிரியில் எந்தச் சிலையின் முன்னாலும் நிற்கவில்லை. அந்த அரசர் பயன்படுத்திய நாணயங்களும் அங்கேயே இருக்கின்றன.

வசதி என்று பார்த்தால் வேலூருக்கு ஈடு கிடையாது. பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்துவிடலாம். கோட்டைக்குள் போகக் கட்டணம் இல்லை, அருங்காட்சியகத்துக்கு மட்டும் சிறு தொகை. தரை சமமாக இருப்பதால் முட்டிவலிக்காரர்களுக்குச் சிரமம் குறைவு. இங்கேயும் வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், போவதற்கு முன் ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கோயில், மசூதி, தேவாலயம் மூன்றும் ஒரே மதிலுக்குள் இருப்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டுங்கள். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களுக்கே தனியாக ஒரு மணி நேரம் வேண்டும். அதை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து. ஒரே நாளில் எல்லாவற்றையும் அடைத்தால் பிள்ளைகள் மனதில் எதுவும் நிற்காது.

பெங்களூரு: மரம்தான் எல்லாம்

மூன்றாவது இடத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவு இல்லை. 210 கிலோமீட்டர். காட்பாடியில் காலை ரயில் பிடித்தால் மதியத்துக்குள் பெங்களூரு. மெஜஸ்டிக்கிலிருந்து மெட்ரோவில் இரண்டாவது ஸ்டேஷன் கே.ஆர். மார்க்கெட், அங்கிருந்து நடக்கும் தூரம். வெங்கடரமணர் கோயிலை ஒட்டியே அரண்மனை.

ஹைதர் அலி 1781-ல் தொடங்கினார், திப்பு 1791-ல் முடித்தார். அதே 1791 மார்ச்சில்தான் ஆங்கிலேயப் படையோடு வந்த கார்ன்வாலிஸ் பெங்களூருக் கோட்டையைப் பிடித்தான். பத்து வருஷம் பார்த்துப் பார்த்துக் கட்டிய மனிதருக்கு அங்கே நிம்மதியாக உட்காரக் கொடுத்துவைத்த காலம் எவ்வளவு கொஞ்சம் என்று நினைத்தால் மனசு கனக்கிறது. கட்டடத்தின் மீது பாரசீகத்தில் 'ரஷ்க்-இ-ஜன்னத்' என்று எழுதியிருக்கிறது. சொர்க்கமே பொறாமைப்படும் இடம் என்று பொருள்.

சந்திரகிரியில் மரமே இல்லை, இங்கே மரம்தான் கட்டடம். கல் பீடத்தின் மேல் உயரமான தேக்குத் தூண்கள், அவற்றுக்கிடையே இதழ் இதழாக வெட்டிய வளைவுகள், மேலே திப்பு நின்று ஜனங்களைப் பார்த்த மாடங்கள். சுவரில் மங்கிப்போன பூ வேலை. அந்தத் தூணின் வரியை விரலால் தடவிப் பார்க்கப் பையனுக்கு ஆசை. தொடக் கூடாது என்று சொல்லிவைத்தேன். 200 வருஷத்து மரம், ஆயிரம் விரல் பட்டால் தாங்காது. இரண்டு கட்டடத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தவனுக்குத்தான் மரத்துக்கும் காரைக்கும் உள்ள வித்தியாசம் புரியும். ஒன்று கனம், ஒன்று நளினம்.

அருங்காட்சியகம் கீழ்த்தளத்தில் சின்னது. திப்புவின் புலி பொம்மையின் நகல் இருக்கிறது. வெள்ளைக்காரச் சிப்பாயின் மேல் புலி பாய்ந்து கடிக்கும் மரப் பொறி அது. அசல் 1799-ல் கொள்ளைபோய் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரை மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம். அரை மணி நேரத்துக்காக எட்டு மணி நேரப் பிரயாணமா என்று அக்கா கேட்டாள். கேள்வி நியாயம்தான். பெங்களூரில் வேறு வேலை இருந்தால் கட்டாயம் போங்கள், இதற்காக மட்டும் போக வேண்டாம். வெள்ளைக்காரர்கள் இதைப் பல வருஷம் தலைமைச் செயலகமாக வைத்திருந்தார்கள், 1868 வாக்கில்தான் காலி செய்தார்கள். அப்படியும் கட்டடம் பிழைத்து, திறந்து, ஜனங்கள் பார்க்கும்படி நிற்கிறது. வேலூர் மஹால்களுக்கு ஏன் முடியாது என்ற கேள்வி எனக்கு அங்கேயும் வந்தது.

சரி, எதை எடுப்பது?

பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு "அரண்மனை" என்ற சொல்லுக்கு ஒரு முகம் வேண்டும் என்றால் சந்திரகிரி. சந்தேகமே இல்லை. வெளியிலிருந்து பார்த்தாலே ராஜா வீடு என்று தெரியும், உள்ளே ஓடி விளையாடவும் இடம் இருக்கிறது. வீட்டில் அம்மா மாதிரி பெரியவர்கள் இருந்தால், பக்கத்திலேயே ஸ்ரீனிவாச மங்காபுரம் பெருமாள் கோயிலையும் சேர்த்துக்கொள்ளலாம். எங்கள் அம்மா அரண்மனைக்குச் சம்மதித்ததே அந்தப் பெருமாளால்தான். காலையில் கோயில், பத்து பத்தரைக்கு ராஜ மஹால், மதியச் சாப்பாடு, மாலைக்குள் வேலூர். காணிப்பாக்கம் பிள்ளையாரையும் அதே நாளில் நுழைக்கப் பார்க்காதீர்கள். நாங்கள் நுழைத்தோம், ராஜ மஹாலில் முக்கால் மணி நேரம் குறைந்துபோனது.

சரித்திரம் பிடிக்கும், பொருளைப் பார்த்துக் கதையை மனசுக்குள் ஓட்டத் தெரியும் என்பவர்களுக்கு வேலூர்தான். சந்திரகிரிச் சிலைகள் கோயிலுக்கும் பொருந்தும், எந்த மியூசியத்துக்கும் பொருந்தும். சதுரங்கப் பலகை வேலூருக்கு மட்டும்தான் பொருந்தும். ஆனால் முன்னால் கொஞ்சம் படித்துவிட்டு வர வேண்டும். படிக்காமல் வந்தால் அகழியைப் பார்த்து, நான்கு போட்டோ எடுத்து, ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். தினமும் நூற்றுக்கணக்கானவர்கள் அப்படித்தான் போகிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. உள்ளே என்ன நடந்தது என்று சொல்ல அங்கே ஆள் இல்லை, போதுமான பலகைகள் இல்லை.

இரண்டு நாள் இருந்தால் வரிசையை மாற்றாமல் போங்கள். முதல் நாள் சந்திரகிரி, அடுத்த நாள் வேலூர். வெங்கடபதி ராயர் வந்த அதே வழி. முதல் நாள் திறந்த அரண்மனையில் கூடம் எப்படி இருக்கும், வளைவு எப்படிப் பாரம் தாங்கும், ராஜா எங்கே நிற்பார் என்று கண்ணால் பார்த்துவிட்டால், மறுநாள் வேலூரில் பூட்டிய மஹாலின் கம்பி வழியே எட்டிப் பார்க்கும்போது உள்ளே இருப்பதை மனசு தானாகவே நிரப்பிக்கொள்ளும். எங்கள் பையனுக்கு அப்படித்தான் ஆனது. "சந்திரகிரியில இருந்த மாதிரி அந்தப் பக்கம் ஒரு கூடம் இருக்கும் பாருங்க மாமா" என்று அவனே எனக்குக் காட்டினான்.

மதியத்துக்கு மேல் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு நேராக வீட்டுக்கு வராதீர்கள். மக்கான் சிக்னலில் 1806 நினைவுத் தூணைப் பார்த்துவிட்டு, ஒரு ஆட்டோ பிடித்துப் பாலாற்றங்கரை முத்து மண்டபத்துக்குப் போங்கள். கண்டி அரசரின் சமாதி அங்கே இருக்கிறது. 1990-ல் தமிழக அரசு மண்டபம் கட்டியது. கூட்டம் இருக்காது. நாங்கள் போனபோது ஐந்தரை மணி, ஆற்றில் தண்ணீர் இல்லை, மணலில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அக்கா வாங்கிவந்திருந்த மல்லிகைப் பூவைக் கல்லின் மேல் வைத்தாள். பையன் செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தக் கல்வெட்டை எழுத்துக் கூட்டி முழுசாகப் படித்துவிட்டுத்தான் வெளியே வந்தான்.